மலை அனுப்பாத மணல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரன். ஆற்று மணலை நேர்மையாக அளந்து ஓய்வு பெற்றவன் என்று என்னைப் பற்றி நல்ல மாதிரியும் சொல்லலாம்தான். பிரியாவிடைக் கூட்டத்தில் அப்படித்தான் சொன்னார்கள், மாலையும் போட்டார்கள். ஆனால் களவேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போது கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மாலை போட்ட கதையைச் சொல்லி என்ன பயன்?

1. யன்னலோரக் கதிரை

நானும் நிஸ்தாரும் ஒரே நாளில்தான், ஆற்று மணலைப் பார்க்கும் அரசாங்க அலுவலகமான திருகோணமலைக் கந்தோரில் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே பதவி, களத் தொழில்நுட்ப உதவியாளர். நான் டவுணுக்குள்ளேயே இருப்பவன், கந்தோருக்குப் பத்து நிமிட நடை. அவர் கிண்ணியாவிலிருந்து வரவேண்டும். அப்போது பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாகனங்களோடு வாகனமாக நின்று தண்ணீரைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வரவேண்டும். அப்படியிருந்தும் அன்று காலை நான் போனபோது, துறைமுகத்தைப் பார்த்த யன்னலோரக் கதிரையில் அவர் சாய்ந்து இருந்தார்.

“வாங்க, வாங்க,” என்றார், வீட்டுக்காரர் மாதிரி. “நீங்களும் புதுசா? அந்தக் கதிரைட கால் ஒண்டு ஆடுது, பாத்து இருங்க.”

என் உத்தியோகம் கால் ஆடும் கதிரையில் தொடங்கியது. பிற்பாடு எத்தனையோ புதுக் கதிரைகள் வந்தன. யன்னலோரம் மட்டும் கடைசிவரை அவருடையதாகவே இருந்தது. அவர் கேட்டு வாங்கவில்லை. யாரும் அவரை எழும்பச் சொல்லவுமில்லை.

நிஸ்தாரிடம் என்ன இருந்தது என்று எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். என் குறிப்புப் புத்தகம் அச்சடித்த மாதிரி இருக்கும். அவருடையதில் பிளேன்ரீ தேநீர்க் கறை இருக்கும். நான் ஒரு அளவும் தவறவிட்டதில்லை. அவர் ஆற்றங்கரையில் யாருடனாவது கதைத்துக்கொண்டு நின்றுவிட்டு, பின்னேரம் அவசரமாக அளந்துகொண்டு வருவார். ஆனால் கந்தோருக்கு வெளியிலிருந்து யார் வந்தாலும், “நிஸ்தார் நிக்கிறாரா?” என்றுதான் கேட்பார்கள். நான் முன்னுக்கு இருப்பேன். என்னிடம்தான் கேட்பார்கள்.

வீட்டிலும் இதையே சொல்லிச் சொல்லி மனைவிக்கு அலுத்துவிட்டது.

“அந்த மனிசன்ட பேரைச் சொல்லாம நீங்கள் ஒரு நாளாவது சோறு திண்டிருக்கிறீங்களா?” என்று ஒருமுறை கேட்டாள். அன்றைக்கு நான் பாதியில் எழும்பிக் கை கழுவிவிட்டேன்.

2. குழி நிரம்புவது என்றால் என்ன

வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது.

மகாவலி மலைநாட்டில் பிறந்து எங்கள் மாவட்டத்தில் கடலில் விழுகிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. மலையில் பாறை உடைந்து, மழையில் உருண்டு, அரைபட்டு மணலாகி எங்களிடம் வந்து சேருகிறது. வீடு கட்ட மணல் வேண்டும், மணல் அள்ள பெர்மிட் வேண்டும், ஒவ்வொரு வருடமும் அந்தப் பெர்மிட்டைப் புதுப்பிக்க எங்களுடைய அறிக்கை வேண்டும்.

நாங்கள் பார்ப்பது ஒரே விஷயம். கோடையில் டிப்பர்கள் அள்ளிய குழி, மாரி வெள்ளம் வடிந்த பிறகு நிரம்பியிருக்கிறதா? நிரம்பியிருந்தால் மலை புது மணல் அனுப்பிவிட்டது என்று கணக்கு. எடுத்தது திரும்பி வந்துவிட்டதால் மறுபடி எடுக்கலாம். ‘குழி நிரம்பியது. புதுப்பிக்கலாம்.’ இப்படி எழுதிக் கையெழுத்து வைப்பேன்.

சண்டை முடிந்த பிறகுதான் வெருகல் பக்கம் இந்த வேலை ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. ஆற்றின் ஒரு வளைவில் இருந்த பெரிய குழி என் பொறுப்பு. பன்னிரண்டு வருடம் நானே அளந்தேன். பன்னிரண்டு முறையும் குழி நிரம்பியிருந்தது. ஒவ்வொரு முறையும் நிரம்பிய மணலில் ஒரு பிடி எடுத்து, வெறும் ஜாம் போத்தலில் போட்டு, லேபல் ஒட்டி, கந்தோர் அலுமாரியில் வரிசையாக அடுக்கினேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. ஒழுங்கான மனிதன் என்று நாலுபேர் பார்த்துச் சொல்லட்டும் என்றுதான் செய்தேன்.

அந்த வளைவுக்குச் சற்று மேலே பாக்கியம் அக்காவின் காணி. வயல், கரையோரம் ஒரு வரிசை தென்னை, மூலையில் ஒரு செங்கல் கிணறு. புருஷன் சூளை போட்டுத் தானே சுட்ட செங்கலாம். சீமெந்து நன்றாகப் பிடிக்கவேண்டும் என்று சுடாத பச்சைக் கல்லாக இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் பெருவிரலால் ஒரு குழி அமுக்கி வைப்பாராம். மனிதர் நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். பூச்சு உதிர்ந்த இடங்களில் அவருடைய விரல் அடையாளம் மட்டும் தெரியும். அளவெடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் குடிப்பேன்.

“தம்பி, போன வருசம் ஒரு தென்னை ஆத்துக்குள்ள போயிட்டுது. இந்த வருசம் ரெண்டு,” என்று அவர் சொல்லுவார். “ஏன் தம்பி இப்பிடி அரிக்குது?”

“ஆறு எண்டா வளைஞ்சு திரும்பும்தானே அக்கா,” என்பேன். “அது இயற்கை.”

சொல்லிவிட்டு அவர் வார்த்த தண்ணீரைக் குடிப்பேன்.

3. ஒரு இடம்

நான் பன்னிரண்டாவது முறை குழி அளந்த வருடம் மலைநாட்டுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் கூட்டுக் கள ஆய்வு. காடு, கைவிட்ட தேயிலை, ஏலக்காய்த் தோட்டம், சரிவுகளில் பயிர்ச்செய்கை என்று எந்த நிலத்திலிருந்து எவ்வளவு மண் ஆற்றுக்கு வருகிறது என்று பார்க்கப் போகிறார்கள். கடலோர மாவட்டங்களிலிருந்தும் ஆள் வேண்டும். எங்கள் கந்தோருக்கு ஒரே ஒரு இடம்.

அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். இத்தனை வருடம் அந்த மலையின் மணலைக் கையில் அளைந்திருக்கிறேன். செருப்பிலும் சேர்ட் பையிலும் பாயிலும் அந்த மணல்தான். மலையை மட்டும் கண்ணால் கண்டதில்லை. மனைவியிடம் சொல்லி பழைய ஸ்வெட்டர் ஒன்றை வெயிலில் காயப்போடச் செய்தேன்.

எங்கள் பிரதேச அதிகாரி நல்ல மனிதர். ‘சேர்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னை உள்ளே கூப்பிட்டு, கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவர் இருக்கச் சொன்ன விதத்திலேயே விளங்கிவிட்டது.

“சபாநாதன், உம்மை அனுப்பினா இங்க குழி அளக்கிறது ஆர்? வெள்ளம் வடியிற நேரம். உம்மை விட்டா எனக்கு நம்பிக்கையான ஆள் இல்லை.”

“நிஸ்தார் அளப்பார்தானே சேர்.”

“அவர் அளந்தா நான் ரெண்டாந்தரம் செக் பண்ண வேணும். நீர் அளந்தா கண்ணை மூடிக் கையெழுத்து வைப்பன்.” சிரித்தார். “அதோட அந்த மனிசன் போன வருசமே அவங்களுக்கு நேரா கேள்வி எழுதிக் கேட்டிருக்கிறார், ‘இங்க மணலின்ட நிறம் மாறிக்கொண்டு வருது, மேல என்ன நடக்குது’ எண்டு. அவங்களே பேர் சொல்லித்தான் கேக்கினம்.”

என்னைப் புகழ்ந்தே ஊரில் இருத்திவிட்டார். நிறம் மாறுகிறதாம்! வருடா வருடம் போத்தலில் பிடித்து வைத்தவன் நான். போத்தலைப் பார்த்துக் கேள்வி கேட்டவர் அவர்.

ஸ்வெட்டர் இரண்டு நாள் கொடியிலேயே கிடந்தது. பிறகு நானே எடுத்து அலுமாரிக்குள் திணித்தேன்.

4. மலையிலிருந்து தொலைபேசி

நிஸ்தார் மலைக்குப் போய் மூன்றாம் நாள் எனக்கு அழைப்பு எடுத்தார். எனக்கென்று இருக்காது, கந்தோருக்கு எடுத்திருப்பார், நான்தான் தூக்கினேன்.

“மச்சான், ஒங்களக் கூட்டிக்கொண்டு வந்திருக்கோணும்,” என்றார். காற்று இரைகிற சத்தம் கேட்டது. “காலையில எழும்பினா முன்னுக்கு நிக்கிற ஆள் தெரியல்ல, அப்பிடி மூட்டம். காட்டு மரத்துக்குக் கீழால ஏலக்காய் நட்டிருக்காங்க. மேல புல்லுமலை. கீழ சரிவில புகையிலப் பயிர் போட்டு மண்ணெல்லாம் சிவப்பாக் கழண்டு கிடக்கு. ஓடையில கை வச்சா, வல்லாஹி, விரல் விறைக்குது.”

“இங்க நல்ல வெயில்,” என்றேன். “குழி அளக்கப் போகோணும். வைக்கிறன்.”

அன்றைக்குக் குழி அளக்கும் நாளே இல்லை.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். எல்லோருக்கும் ஒவ்வொரு சிறு பொதி ஏலக்காய். எனக்கு மட்டும் இரண்டு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பையிலிருந்து ஐந்து போத்தல்களை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தார். மலை ஓடைகளில் அள்ளிய மணல்.

“மச்சான், ஒங்கட போத்தலக் கொஞ்சம் எடுங்களேன்.”

மாட்டேன் என்று சொல்ல ஏலாது. அலுமாரியைத் திறந்து என் பன்னிரண்டு போத்தல்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் தன்னுடைய ஐந்தையும் பக்கத்தில் வைத்தார். வெயில் யன்னலால் நேரே விழுந்தது.

அவருடைய மணல் கூராக, கண்ணாடித் தூள் மாதிரி மினுங்கியது. இடையிடையே இளஞ்சிவப்பு மணிகள். அது கார்னட், மலைப்பாறையில் இருக்கும் கல். என்னுடைய முதல் இரண்டு போத்தல்களும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. மூன்றாவதில் மினுக்கம் குறைந்தது. ஏழாவது மங்கல். பன்னிரண்டாவது வெறும் மண்ணிறம். மணிகள் மழுங்கி, களி ஒட்டிக் கிடந்தன.

“மேலேருந்து இப்ப மணல் வாறல்ல மச்சான்,” என்றார் நிஸ்தார் மெதுவாக. “அணைகளுக்குள்ள தங்குது. சரிவுகளில கழர்ற மண் கலங்கலாத்தான் எங்களுக்கு வருது, அது நேரா கடலுக்குப் போயிரும். அப்ப ஒங்கட குழிய நிரப்புறது என்ன? ஆறு பக்கத்துக் கரையத் திண்டு அதுக்குள்ள கொட்டுது. குழி ஆழமா இருக்கிறதாலதான் கரை வழுகுது. நாங்க பெர்மிட் குடுக்கக் குடுக்க அது வயலத் திண்டு நிரப்பிக்கொண்டே இரிக்கும்.”

கந்தோரில் எல்லோரும் எழும்பி வந்து பார்த்தார்கள். “அட, நிஸ்தார்!” என்றார் ஒருவர். பன்னிரண்டு வருடம் அந்தப் போத்தல்களைத் துடைத்துத் துடைத்து வைத்தவன் நான். லேபலில் இருந்ததும் என் கையெழுத்து. ஒருவரும், “அட, சபாநாதன்!” என்று சொல்லவில்லை.

அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்று அந்த நேரம் நான் யோசிக்கவே இல்லை. அவர் பிழையாக இருக்கவேண்டும் என்று மட்டும்தான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

5. லாச்சி

அடுத்து வந்த மாரி பெரிய மாரி. வெள்ளம் வடிந்தபோது வளைவுக் குழி வழக்கம்போல நிரம்பித் திட்டாகவே நின்றது. பெர்மிட் புதுப்பிக்கும் பைல் என் மேசைக்கு வந்தது. அதோடு பாக்கியம் அக்காவின் பெட்டிசமும் வந்தது. கிணறு இடிந்து ஆற்றில் விழுந்துவிட்டது, இன்னொரு மாரி வந்தால் வயலும் போய்விடும், மணல் அள்ளுவதை நிறுத்தித் தாருங்கள் என்று யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். கீழே அவருடைய கோணல் கையெழுத்து.

சேர் என்னைக் கூப்பிட்டார்.

“நிஸ்தார் சொல்லுற கதை பெரிய கதை. அதை ஏற்றுக்கொண்டா நீர் இவ்வளவு காலமும் குடுத்த ரிப்போர்ட் எல்லாம் பிழை எண்டாகுது. உமக்கு என்ன படுது? பத்து நாளில எழுதித் தாரும். நீர் சொல்லுறதுதான் முடிவு.”

மேசைக்குத் திரும்பி வந்து எழுதினேன். ‘உத்தியோகத்தர் நிஸ்தாரின் கருத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை. மாதிரிகளின் லேபல்கள் ஈரத்தில் அழிந்துள்ளன.’

ஒரே ஒரு லேபலில்தான் மை கொஞ்சம் ஊறியிருந்தது. மற்ற நான்கும் தெளிவாகவே இருந்தன. எழுதி முடித்த கையோடு, யன்னல் விளிம்பில் இருந்த அந்த ஐந்து போத்தல்களையும் எடுத்து என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். நிஸ்தார் அந்த நேரம் யன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் பிள்ளைகள் என்னைக் கேவலமாக நினைக்கலாம். நினையுங்கள். ஆனால் அன்று பின்னேரம் எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கனகாலத்துக்குப் பிறகு பசியோடு சாப்பிட்டேன். நிஸ்தாரின் பெயரை அன்று வீட்டில் சொல்லவில்லை. மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

6. ஓகர்

சந்தோசம் இரண்டு நாள்தான் நின்றது. குறிப்பை நான் இன்னும் சேரிடம் கொடுக்கவில்லை. ‘போதிய ஆதாரம் இல்லை’ என்றால் சேர் நாளைக்கே, “அப்ப ஆதாரம் எடும்,” என்று நிஸ்தாரை அனுப்பலாம். அதற்கு முன் நானே எடுத்துவிடவேண்டும். நிரம்பிய குழியைத் தோண்டி, உள்ளே இருப்பது மலை மணல்தான் என்று எல்லோர் முன்னாலும் கொட்டிக் காட்டவேண்டும். அந்த மனிதர் யன்னலோரத்தில் தலை குனிந்து இருப்பதை ஒருமுறையாவது பார்க்கவேண்டும்.

பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் குழியைத் தோண்டிப் பார்த்ததில்லை. மேலே அளப்பேன், மேலே ஒரு பிடி எடுப்பேன், அவ்வளவுதான். நிரம்பினால் போதும் என்பது முறை. எதால் நிரம்பியது என்று படிவத்தில் ஒரு கோடுகூட இல்லை.

ஓகரையும் மண்வெட்டியையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு போனேன். ஓகர் என்பது கையால் சுற்றி மண்ணுக்குள் இறக்கும் இரும்புத் துளைப்பான், உச்சியில் குறுக்குப் பிடி. இரண்டு பேர் சுற்றினால் சுகம். அன்றைக்கு டிரைவருக்கு இடுப்புப் பிடித்திருந்தது. திட்டில் தனியாக நின்று நான் மல்லுக்கட்டுவதைக் கரையிலிருந்து பார்த்த பாக்கியம் அக்கா, சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார்.

“என்ன தம்பி, இந்த முறை தோண்டுறீங்க?”

“ஒரு செக்கிங் அக்கா.”

“என்ர பெட்டிசம் கிடைச்சதே?”

“ஓம்.”

அக்கா கிட்ட வந்தார். பிடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து சுற்றத் தொடங்கினார். அவர் கை என் கையைவிடப் பலமாக இருந்தது.

முதல் முழத்தில் வந்தது மண்ணிற மணல். பரவாயில்லை, கீழே நல்லது வரும் என்று நினைத்தேன். அடுத்த முறை ஓகரைத் தூக்கித் தட்டியபோது களிமண் கட்டி ஒன்று விழுந்தது. உடைத்தேன். உள்ளே நெல் அறுத்த அடிக்கட்டை, வேரோடு. ஆற்று மணலில் நெல்லுக்கு என்ன வேலை? அது வயல் மண்.

நிறுத்தியிருக்கலாம். எனக்கு இன்னும் மலை மணல் வேண்டியிருந்தது. மறுபடி இறக்கினோம். இடுப்பளவு ஆழத்தில் ஏதோ வன்மையாகத் தட்டி ஓகர் சுற்ற மறுத்தது. தூக்கிப் பார்த்தால் நுனியில் சிவப்புத் தூள்.

ஓகரை எறிந்துவிட்டு மண்வெட்டியால் தோண்டினேன். சேர்ட் நனைந்துவிட்டது, தண்ணீர் ஊறத் தொடங்கியது. கையை விட்டுத் துழாவி வெளியே எடுத்தேன். பாதிச் செங்கல். பக்கத்தில் சீமெந்து ஒட்டியிருந்தது. நடுவில் பெருவிரல் போகிற அளவுக்கு ஒரு குழி.

பாக்கியம் அக்கா அதை என் கையிலிருந்து வாங்கினார். அந்தக் குழிக்குள் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

“இது எங்கட கிணறு,” என்றார்.

நான் மறுபடி குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டேன்.

“எங்கட கிணறு உங்கட குழிக்குள்ள கிடக்குது தம்பி,” என்றார் மறுபடியும். அழவில்லை. எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து விளக்கப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார்.

அன்று முழுக்கத் தோண்டினேன். பதினேழு கல் எடுத்தேன். நாலைந்தில் அந்த விரல் இருந்தது. தென்னை வேர் வந்தது, வயல் களி வந்தது. இளஞ்சிவப்பு மணி ஒன்றுகூட வரவில்லை.

7. இரண்டு பெயர்

மறுநாள் காலை நிஸ்தாருக்கு முன்னால் போய்விடவேண்டும் என்று வெள்ளணவே போனேன். அவர் எனக்கு முன்னமே யன்னலோரத்தில் இருந்தார். லாச்சியைத் திறந்து ஐந்து போத்தல்களையும் அவர் மேசையில் வைத்தேன். செங்கலையும் வைத்தேன்.

“நான்தான் பூட்டி வச்சனான்,” என்றேன்.

“தெரியும் மச்சான். சாவி திருப்புற சத்தம் கேட்டது.”

“கேட்டும் ஏன் ஒண்டும் சொல்லேல்ல? சேரிட்டப் போய்ச் சொல்லியிருக்கலாமே.”

“என்னத்தச் சொல்ற? என்ட போத்தல் அஞ்சும் மலையில மணல் எப்பிடி இருக்கு எண்டு மட்டும்தான் சொல்லும். இங்க என்ன நடந்தது எண்டு சொல்றது ஒங்கட பன்னிரண்டும். நீங்க மாட்டன் எண்டா என்ட கத அதோட முடிஞ்சுது.” செங்கலைப் புரட்டிப் பார்த்தார். “கோவம் இல்லாம இல்ல. ரெண்டு நாள் எனக்கு நித்திர வரல்ல. ஒங்களுக்கு அடிக்கோணும் போல இருந்தது.”

அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் பெருந்தன்மையாக மன்னித்திருந்தால் அதற்கும் நான் பொறாமைப்பட்டிருப்பேன்.

பழைய குறிப்பைக் கிழித்துவிட்டுப் புது அறிக்கை எழுதினேன். ‘குழி நிரம்பியது. நிரப்பியது மலை மணல் அல்ல, வளைவுக்கு மேலே உள்ள கரைக் காணிகளின் மண். கடந்த பன்னிரண்டு வருடமும் நான் கொடுத்த அறிக்கைகள் பிழை.’ கீழே நிஸ்தாரின் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார், பிறகு போட்டுக்கொண்டு வாசித்தார்.

“யோசிச்சுத்தான் எழுதினீரா? இது உம்மட பைலில இருக்கும்.”

“இருக்கட்டும் சேர்.”

வளைவில் மணல் அள்ளுவது நின்றது. அடுத்த வருடத்திலிருந்து படிவத்தில் புதிதாக ஒரு கோடு: ‘நிரப்பிய மண்ணின் மூலம்’. மலைநாட்டுக் கந்தோர் அந்த முறையை மற்ற ஆறுகளுக்கும் கொண்டுபோகக் கேட்டது, நிஸ்தாரைத்தான் பெயர் சொல்லிக் கேட்டது. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. என் பதவி உயர்வு கோப்போடு கோப்பாகத் தூங்கிவிட்டது. அது நியாயம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவருடைய கடிதத்தைக் கந்தோரில் வாசித்த அன்று வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அதனால் பொறாமைப்படாதீர்கள் என்று உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னை அந்தக் குழிக்குள் இறக்கியது நேர்மை இல்லை, பொறாமைதான். பன்னிரண்டு வருடம் என் நேர்மை மேலே நின்று அளந்துகொண்டு இருந்தது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒருவன் பிழை என்று காட்ட ஆசைப்பட்டால் லாச்சியைப் பூட்டாதீர்கள், ஓகரை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டுங்கள். வருவது எதுவானாலும் அதை எழுதுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின கிழமை, விரல் அடையாளம் இருந்த அந்தப் பாதிச் செங்கலைக் கழுவி, பேப்பரில் சுற்றி, பாக்கியம் அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் புருஷனின் பொருள், அவரிடமே இருக்கட்டும் என்ற எண்ணம். கரை அரிப்பு குறைந்திருந்தது, ஆனால் நின்றுவிடவில்லை. இன்னும் ஒரு தென்னை சரிந்து கிடந்தது. கிணறு இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அயல்வீட்டுக் குழாய்த் தண்ணீர் வாங்கி வந்து தந்தார்.

பேப்பரைப் பிரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்தக் குழிக்குள் விரலை வைத்தபடி இருந்தார். பிறகு மறுபடி சுற்றி என்னிடமே நீட்டினார்.

“ஒரு கல்லை வச்சு நான் என்ன செய்யிறது தம்பி, கிணறு கட்ட ஏலுமே? நீங்கள் கொண்டுபோங்கோ. நீங்கள் இருந்த கதிரையில இனி ஆரும் வந்து இருப்பினம்தானே, அவையின்ர மேசையில வையுங்கோ.”

திரும்பி வந்து கந்தோர் மேசையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கோப்புகள் பறக்காமல் இருக்க வைத்த கல் என்று நினைத்து யாராவது எறிந்துவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன். அதில் ஒரு பெருவிரல் குழி இருக்கும். கையெழுத்து வைக்குமுன் உங்கள் விரலை அதற்குள் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.